நாற்பத்தொரு விமானங்களும் ஒரு ரேக்கும்

உங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதை எந்த மூலையில் வைத்தார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நம் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் வைத்தார்கள். அரிசி எடுக்கும்போதெல்லாம் அம்மா மானிட்டரை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் டிரம்மைத் திறப்பாள். அந்தப் பெட்டியின் தலையில் எப்போதும் கொஞ்சம் விபூதி இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. அதுவரை இந்தக் கதையை எனக்கு ஒரே விதமாகத்தான் சொல்லத் தெரியும். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. முதலில் அந்த விதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டையை ஒட்டி. தாத்தா காலம்வரை மற்றவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். சம்பளச் சீட்டு வாங்கிய முதல் ஆள் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். போல்ட், பேரிங், கிரீஸ் டப்பா, கையுறை, எது வேண்டுமானாலும் அவர் ஜன்னலில் சீட்டு நீட்டித்தான் வாங்க வேண்டும். ஆலை ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது பழையதை ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படி மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கியதுதான் எங்கள் பெட்டி. விசைப்பலகையில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. ஸ்டெபிலைசர் தேனீக்கூடு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும்.

அண்ணன் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தான். எனக்கு ஆறாம் வகுப்பு முடிந்து லீவு. சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அவன் ஒரு சி.டி. வாங்கிவந்தான். விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "கேம் இல்ல பாப்பா. சிமுலேட்டர்" என்பான்.

அதில் சுடுவது கிடையாது, ஜெயிப்பது கிடையாது. மீனம்பாக்கத்தில் ஏறி பெங்களூரில் இறங்க வேண்டுமென்றால் நிஜமாகவே முக்கால் மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி மீனம்பாக்கம். கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான்; நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கேட்பேன்.

"ஃப்ளாப்ஸ்?"

"வெச்சாச்சு."

"கியர்?"

"வெச்சாச்சு."

"சீட் பெல்ட்?"

"பிளாஸ்டிக் சேருக்கு ஏது பெல்ட்டு? மூடிக்கினு அடுத்தத படி."

அம்மா அரிசி எடுக்க வருவாள். "பிளேன் ஓட்டத் தெரியுது, சைக்கிள்ல போயி ஒரு பாக்கெட் பாலு வாங்கியாரத் தெரில" என்று சொல்லிக்கொண்டே மானிட்டரைத் தள்ளுவாள். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்ததுபோல அண்ணனும் சாய்வான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சி.டி.யோடு வந்த விமானங்கள் கொஞ்சம்தான். ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து புதுப்புது விமானங்கள் செய்து இலவசமாக இணையத்தில் போட்டிருந்தார்கள். ஆட்-ஆன் என்று பெயர். இறக்கி, பிரித்து, சரியான ஃபோல்டரில் வைத்தால் அடுத்த முறை அந்த விமானம் ஓடுபாதையில் வந்து நிற்கும். வைக்கிற இடம் தப்பினால் வராது. அல்லது வரும், வெள்ளையாக, சத்தமில்லாமல், கண்ணாடி ஜன்னல்கூட இல்லாமல் நிற்கும்.

பஜாரில் பிரௌசிங் சென்டர் ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏசி வாடையும் ஈரத் தரைவிரிப்பு வாடையும். ஒரு விமானம் ஏழெட்டு ஃபிளாப்பியில் துண்டு துண்டாக வரும். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் செருகும்போது அந்த டிரைவ் கரகரவென்று பல்லைக் கடிக்கும். ஆறாவது ஃபிளாப்பி கெட்டிருந்தால் மற்ற எல்லாமும் வீண். மறுபடி சைக்கிள், மறுபடி பஜார். வெயில் காலம். தார் உருகி டயரில் ஒட்டும்.

கணக்கு வைக்கும் வேலை என்னுடையது. எந்த விமானம் வந்தது, எந்த ஃபோல்டரில் இருக்கிறது, சத்தம் வேலை செய்கிறதா, படம் சரியா. இதை எழுத நைனா எனக்கு 'பின் கார்டு' என்கிற ஸ்டோர் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்களில் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டோரில் ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். சாமான் பெயர், தேதி, வரவு, வழங்கியது, இருப்பு, கையெழுத்து. அச்சுக் கோணிப்போன அட்டைகளை நைனா எனக்காக எடுத்துவருவார். அவற்றில் கிரீஸ் வாடை அடிக்கும்.

"ஒண்ணு மட்டும் மறக்காதம்மா" என்று சொல்லிக்கொடுத்தார். "சாமான் வெளிய போலாம், கார்டு போவக்கூடாது. கார்டு ரேக்குலயேதான் இருக்கணும். எவன் எடுத்தான்னு பின்னால வர்றவனுக்கு அதான் சொல்லும்."

அந்த வெயிலில் நாற்பத்தொரு விமானங்கள் சேர்ந்தன. நாற்பத்தொரு கார்டுகள். ஓட்டை போட்டு நூலில் கோர்த்து மானிட்டர் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். காற்றடித்தால் படபடக்கும்.

ஆனால் விமானங்கள் பெரிய விஷயமில்லை. அவை மற்றவர்கள் செய்தவை. அண்ணன் செய்தது ஊர்.

அந்த சிமுலேட்டரில் சென்னை உண்டு, சுமாராக. வடக்கே பறந்தால் எண்ணூருக்கு அப்புறம் ஒன்றுமே இருக்காது. பச்சையும் பழுப்புமாக ஒரு துணி விரித்ததுபோல ஆந்திரா வரைக்கும் போகும். "நம்ம ஊடு இருக்கற எடத்துல இன்னா கெடக்குது பாரு" என்று ஒருநாள் காட்டினான். பழுப்புத் துணி. அவனுக்கு அது பொறுக்கவில்லை.

கட்டடங்களை வரைந்து உள்ளே வைக்கும் மென்பொருள் ஒன்றை எங்கேயோ பிடித்தான். ரயில் பாதையைப் போட்டான். ஸ்டேஷனை வைத்தான். தொழிற்பேட்டைக் கொட்டகைகளை ஒவ்வொன்றாகக் கட்டினான். நாங்கள் சைக்கிளில் போய்ப் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு வருவோம். எந்தக் கூரை நீலம், எந்தக் கூரை துரு, எந்தச் சுவரில் விளம்பரம் என்று நான் எழுதிக்கொள்வேன். காவலாளிகள் விரட்டுவார்கள். ஒருவர் மட்டும், "இன்னா சர்வேயா? ரோடு அகலமாவுதா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அண்ணன், "ஆமா, ஏர்போர்ட்டு வருது" என்றான். கம்ப்யூட்டர் ஊரில் உண்மையாகவே ஒன்று வைத்திருந்தான். தண்டவாளத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஒற்றை ஓடுபாதை. அதில் ஏறினால் முதலில் எங்கள் தெரு, அப்புறம் நைனாவின் ஆலை, வலதுபக்கம் திரும்பினால் பழவேற்காட்டுத் தண்ணீர் பளபளக்கும்.

நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். "ஏ, அது எங்க ஸ்டோரு கூரடா. ஓட்ட உயுந்த ஷீட்டக்கூட போட்டுகிறான் பாரு" என்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ரிசல்ட் வந்தது. அண்ணன் தேறியிருந்தான், அவ்வளவுதான். கணக்கில் விளிம்பு மதிப்பெண். அவன் கேட்ட காலேஜ் எதுவும் கிடைக்கவில்லை. ஆலையில் ஹெல்ப்பர் வேலைக்கு நைனா சொல்லிவைத்தார். ஆனால் அந்தக் கூரையைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஆபீசில் யாரையோ பிடித்து, அவர் மூலமாகச் சென்னைக்காரர் ஒருவரைப் பிடித்தார். வீடு கட்டும் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் நிற்கவைத்துக் காட்டும் ஆபீஸ் வைத்திருந்தவர். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெரியபாளையம் வருகிறாராம். சாமி கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து பையன் செய்ததைப் பார்ப்பாராம்.

"அவரு சரின்னா மெட்ராஸ் போ. படிச்சிக்கினே வேலையும் கத்துக்க. இல்லன்னா திங்கக்கெழமயிலேந்து என்கூட வா" என்று நைனா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் தலையாட்டினான். அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவன் வாழ்க்கை இருக்கிறது என்பது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட எனக்கே புரிந்தது. அம்மா பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போலச் சைக்கிள் கூடையில் வைத்து, பிரௌசிங் சென்டருக்குக் கொண்டுபோயிருந்தான். "வேகமா ஓடறதுக்கு ஒரு வேல பண்ணிக்கினு வந்தேன்" என்றான். மறுபடி மாட்டினான். நன்றாகத்தான் ஓடியது.

சனிக்கிழமை முடிவெட்டிக்கொள்ள பஜாருக்குப் போனான். நைனாவுக்கு அரை நாள். டீ டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றார். நான் கார்டுகளைச் சரிபார்க்க ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"இரு இரு. இது இன்னா, முன்ன தொறந்ததுலயும் இதே பேரு இருந்துச்சே?"

இருந்தது. ஒவ்வொரு விமானத்தின் ஃபோல்டருக்குள்ளும் படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, விமானிக்கு முன்னால் இருக்கும் பலகைக்கு ஒன்று என்று உள்ஃபோல்டர்கள். அவற்றுக்குள் எல்லாம் ஒரே பெயரில் கோப்புகள். அண்ணனின் ஊரிலும் அப்படித்தான். தெருவுக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் ஒரு கூரை, ஒரு சுவர், ஒரு புகை.

"ஒரே சாமான நாப்பது எடத்துல வெச்சிகினுகீறான்" என்றார் நைனா. "ஸ்டோர்ல இப்டி வெச்சா ஆடிட்டுக்கு வர்றவன் என் சட்டையப் புடிப்பான். நாளைக்கி அந்த சார் தொறந்து பாத்தா இன்னா நெனைப்பாரு? பையன் பேஜாருன்னு நெனைப்பாரு. நீ அடுக்கும்மா. ஒரே ஜாதி சாமான் ஒரே ரேக்குல."

எனக்குப் பெருமையாக இருந்தது. புது ஃபோல்டர்கள் திறந்தேன். படம். சத்தம். பலகை. கூரை. சுவர். புகை. நாற்பத்தொரு விமானங்களின் சத்தங்களையும் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சத்தத்தில் போட்டேன். ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எனக்குச் சந்தேகம். கூப்பிட்டேன்.

நைனா எட்டிப் பார்த்தார். "ஒரே பேருன்னா ஒரே சாமான்தானம்மா. அரை இன்ச்சு போல்ட்டுன்னா எல்லாம் அரை இன்ச்சு போல்ட்டுதான். ஆமான்னு போடு."

ஒவ்வொரு தடவையும் கேட்டது. அப்புறம் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்ற பட்டனைக் கண்டுபிடித்தேன். ஒரு சின்னப் படம் வரும், உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்குத் தாள் ஒன்று பறக்கும். பறந்துகொண்டே இருந்தது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

முடிந்ததும் எல்லாம் ஆறே ஃபோல்டரில் அடங்கிவிட்டன. நாற்பத்தொரு கார்டுகளையும் கழற்றி, ஆறு புதுக் கார்டு எழுதி மாட்டினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பவுடர் வாடை, கழுத்தில் முடித் துணுக்கு. நான் அவனை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சிமுலேட்டரைத் திறந்தான். ஓடுபாதையில் ஒரே ஒரு விமானம், வெள்ளையாக. சத்தமில்லை. சுற்றிலும் பழுப்புத் துணி. ரயில் பாதை இல்லை, ஆலை இல்லை, எங்கள் தெரு இல்லை. ஒரே பெயர் இருந்த இடத்திலெல்லாம் கடைசியாகப் போனது மட்டும் மிச்சமிருந்தது.

"இன்னாடா ஆச்சு?" என்றார் நைனா.

அண்ணன் எதையெதையோ திறந்து பார்த்தான். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைத் திறந்தான். அதில் ஒன்றும் இல்லை. பிறகு என் தலையில் கைவைத்து, "சரி வுடு, போயி சாப்டு" என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று அவன் நன்றாகத் தூங்கினான். எனக்காகத் தூங்குவதுபோல நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் வந்தார். நெற்றி முழுக்க மஞ்சள் குங்குமம். காரில் வேப்பிலை வாடை. மனைவியும் குழந்தையும் இறங்கவே இல்லை. அம்மா சேமியா பாயசம் வைத்திருந்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வெள்ளை விமானத்தைப் பார்த்தார்.

"ஃபைல்லாம் போயிடுச்சு சார்" என்றான் அண்ணன்.

"நான்தான் சார் பொண்ண அடுக்கச் சொன்னேன். அதுக்குத் தெரியாது. எனக்குந் தெரியாது" என்றார் நைனா. கைகட்டி நின்றார்.

சென்னைக்காரர் நல்ல மனிதர். "பேக்கப் எடுத்து வைக்கலையா தம்பி?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அன்றுதான் நான் முதன்முதலில் கேட்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல சார்" என்றான்.

"பரவாயில்ல. மறுபடி பண்ணி எடுத்துட்டு வா" என்று விலாச அட்டை கொடுத்துவிட்டுப் போனார். பாயசம் டம்ளரில் பாதி இருந்தது.

திங்கட்கிழமை அண்ணன் நைனாவோடு ஆலைக்குப் போனான். சைக்கிள் கேரியரில் நைனா, மிதித்தது அண்ணன். விலாச அட்டை சாமி படத்துக்குப் பின்னால் கொஞ்ச காலம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அம்மா பழைய பாவாடையில் உறை தைத்தாள். பிறகு அதை யாரோ எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். என் கார்டுகள் எங்கே போயின என்று தெரியாது.

ஆடி முடிவதற்குள் நைனா என்னை மட்டும் பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போனார். அப்படித் தனியாகக் கூட்டிப்போனது அந்த ஒரு தடவைதான். வேப்பிலைச் சேலை கட்டிய பெண்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணாடி வளையல், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், பொரி எல்லாம் வாங்கிக் கொடுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உம்மேல தப்பு இல்லம்மா. அத மட்டும் மனசுல வெச்சிக்க" என்றார். நான் அழுதேன். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தெரியாதா எனக்கு?

நான் சொல்லிவந்த கதை இங்கே முடியும். இதற்குப் பிறகு சேர்ப்பதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம்தான் உண்டு. பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பாடம் கிடைத்தும் வேண்டாம் என்று வணிகவியல் எடுத்தேன். வகுப்பாசிரியை காரணம் கேட்டார். சொல்லவில்லை. கல்யாணமாகித் திருவள்ளூர் வந்தேன். ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள். அவளுடைய கிழிந்த தாளைக்கூட அவளைக் கேட்காமல் குப்பையில் போட மாட்டேன். என் போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று வருடக்கணக்காக அறிவிப்பு வருகிறது. ஒன்றையும் அழிப்பதில்லை. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். மகள் போகிற இடம், வருகிற நேரம், கூட யார் என்று மூன்று முறை கேட்பேன். "ஆர் யூ ஷ்யூர் அம்மா" என்று அவள் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அண்ணன் பல வருடம் ஹெல்ப்பராக இருந்து, இப்போது அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். கூரைக்கு அடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி வைக்கிற வேலை. கெட்டிக்காரன் என்று பெயர். நைனா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், அவன் கையில் நரம்பு புடைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வரும். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவனுக்குக் காய்ச்சல் என்றால் அதற்கும் நான்தான் காரணம் என்று தோன்றும்.

மூன்று வாரத்துக்கு முன்பு வார விடுமுறையில் வந்திருந்தான். ஒரு பை மாம்பழம். மகள் தன் லேப்டாப்பில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், அவளுக்கும் அந்தப் பைத்தியம். நான் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் பேசுவது நன்றாகக் கேட்கும்.

"இப்பல்லாம் ஈசி மாமா. ஒரு பிளேனுக்கு ஒரு ஃபோல்டர். எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டுபோய் வெச்சா அதுவே எடுத்துக்கும்" என்றாள் மகள்.

"எங்க காலத்துல ஒவ்வொண்ணுக்கும் கார்டு உண்டு தெரிமா? ஒங்கம்மாதான் ஸ்டோர் கீப்பரு."

"தெரியும் தெரியும். உங்க ஊரையே அழிச்சிட்டாங்களாமே?"

அண்ணன் சிரித்தான். "அழிச்சா. சுத்தமா அழிச்சா. அதுனால ஒண்ணும் ஆயிடல. அதுக்கு மொத நாளே ஒரு சி.டி. போட்டு வெச்சிருந்தேனே. சென்டர்ல ஹார்ட் டிஸ்க்க கொண்டுபோயி."

"அப்போ அது போகவே இல்லையா?"

"எங்க போச்சு? நைனா பீரோல கெடக்குது, நெனைக்கிறேன்."

மகள் விமானத்தை நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "அப்புறம் ஏன் மாமா அந்த சாருக்குப் போட்டுக் காட்டல?"

நான் வடிகட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"அந்தாளு பெரிய ஆபீஸ் வெச்சிருக்கறவரு" என்றான் அண்ணன். இப்போது குரலில் சிரிப்பு இல்லை. "நான் கும்மிடிப்பூண்டில உக்காந்துகினு கொட்டா கட்டினவன். பாத்துட்டு, இதெல்லாம் ஒரு வேலையான்னு சொல்லிட்டா? ராத்திரிலாம் அதேதான் யோசன. ஃபைலு போச்சுன்னதும் பாரு, அப்டியே லேசாயிட்டேன். போச்சுன்னா போச்சு. யாரும் நல்லால்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சின்னப் புள்ள, அடுத்த வாரம் மறந்துடும்னு வுட்டுட்டேன்."

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன். அவன் அதைச் சொல்லாமல் குடித்தான். நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மாம்பழம் நறுக்கினேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். வழக்கம்போல, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன். பண்ணினான்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அடுப்பை மூடினேனா என்று சோதிக்கப் போனால், ஏன் வந்தேன் என்று அங்கேயே நின்றுவிடுகிறேன். சுமந்த பழக்கம் உடம்புக்கு இருக்கிறது, சுமை எங்கே என்று தெரியவில்லை.

நேற்று காலை கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அண்ணனுக்கு முதல் ஷிப்ட். அண்ணி மட்டும் இருந்தாள். நைனாவின் பீரோவில் ஒரு சாமான் பார்க்க வேண்டும் என்றேன். "அதுலயா? பழைய இரும்புதான் கெடக்குது" என்று சாவியைக் கொடுத்தாள்.

அவள் சொன்னது சரி. ஸ்பேனர்கள், ஓய்வு பெற்றபோது போட்ட பழுப்பேறிய சால்வை, பேரிங் ஒன்று. எல்லாம் வகை வகையாக அடுக்கியிருந்தது. கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் சி.டி. அதன் மேல் அண்ணனின் கிறுக்கல் கையெழுத்தில் எங்கள் ஊர்ப் பெயர். உறையோடு நூலில் கட்டிய மஞ்சள் அட்டை.

கிரீஸ் வாடை இன்னும் இருந்தது.

சாமான் பெயர் என்ற இடத்தில், "பையன் செய்த ஊர்" என்று நைனா எழுதியிருந்தார். வரவு 1. வழங்கியது என்ற கட்டத்தில் ஒரு கோடு. இருப்பு 1. கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். போனில் அந்த வருடக் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வந்த வியாழன். பெரியபாளையத்துக்கு அவர் என்னைக் கூட்டிப்போனது அதற்கும் பிறகு.

அண்ணனே கொடுத்தானா, அவராகக் கண்டுபிடித்தாரா, தெரியாது. கண்டுபிடித்தபோது பையன் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள். மறுபடி சென்னைக்காரரிடம் போய் நிற்க அவருக்கும் பயமாக இருந்திருக்கலாம். மகனைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை, மகளிடம் பொய் சொல்லவும் முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னா, கெடச்சுதா?" என்று அண்ணி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"கெடச்சுது. ஒரு பேனா குடு."

நூலை அவிழ்த்தேன். கார்டின் இரண்டாவது வரியில் நேற்றைய தேதியை எழுதினேன். வழங்கியது 1. இருப்பு 0. கையெழுத்துப் போட்டேன்.

சி.டி.யைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கார்டை, அண்ணன் பீரோவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, அந்தத் தட்டின் ஓரத்திலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.